வாசகர் கேள்வி–பதில்: எட்சா, நான்கு நாளா இரண்டரை வருஷமா?

பிலிப்பைன்ஸில் 1986 பிப்ரவரியில் மக்கள் துப்பாக்கி எடுக்காமல் ஃபெர்டினண்ட் மார்கோஸை நாட்டைவிட்டு அனுப்பினார்கள். அதைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கே இம்முறை பகுதி முழுவதையும் கொடுத்துவிட்டோம். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்திருக்கிறோம்.

கே: எட்சா என்பது ஊரா, இயக்கமா?

ப: சாலை. எபிஃபானியோ தெ லோஸ் சாந்தோஸ் அவென்யூ என்ற நீளமான பெயரின் சுருக்கம். மணிலா பெருநகரத்தை அரைவட்டமாகச் சுற்றி ஏறத்தாழ 24 கிலோமீட்டர் ஓடுகிறது. அதில் ஓரிடத்தில் சாலையின் ஒரு பக்கம் கேம்ப் அகினால்டோ. ராணுவத் தலைமையகமும் பாதுகாப்பு அமைச்சகமும் அங்கே. எதிர்ப்பக்கம் கேம்ப் கிராமே, காவல் படையின் தலைமையகம். தெற்கே போனால் ஓர்டிகாஸ் சந்திப்பு, வடக்கே சாந்தோலான், அதற்கப்பால் குபாவோ. பிப்ரவரி 22 சனிக்கிழமை இரவு முதல் 25 செவ்வாய் இரவு வரை நடந்தவற்றில் பாதி இந்தச் சில கிலோமீட்டருக்குள் நடந்ததுதான். இந்த வரைபடத்தை மனதில் வைத்துக்கொண்டால் மற்ற பதில்கள் சுலபமாகப் புரியும்.

கே: இருபது வருஷம் ஆண்டவர் நான்கே நாளில் ஓடிவிட்டார் என்றால் அவர் ஏற்கெனவே உளுத்துப் போயிருந்தார் என்றுதானே அர்த்தம்?

ப: ஆம். உளுக்க வைத்தது எது என்பதுதான் கேள்வி. மார்கோஸ் 1965-ல் முறையாகத் தேர்தலில் ஜெயித்து வந்தவர், 1969-ல் மறுபடியும் ஜெயித்தார். அன்றைய அரசியல் சட்டப்படி தொடர்ந்து எட்டு ஆண்டுகளுக்கு மேல் அதிபராக இருக்க முடியாது. 1973 இறுதியில் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். 1972 செப்டம்பரில் 1081-ஆம் எண் பிரகடனத்தால் ராணுவச் சட்டம் கொண்டுவந்து அந்தச் சிக்கலைத் தீர்த்துக்கொண்டார். நாடாளுமன்றம் மூடப்பட்டது, பத்திரிகைகளுக்குப் பூட்டு, எதிர்க்கட்சித் தலைவர்களுக்குச் சிறை. 1981 ஜனவரியில் ராணுவச் சட்டத்தை ‘நீக்கினார்’. ஆனால் ஆணை போட்டே ஆளும் அதிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டார்.

அஸ்திவாரம் ஆட ஆரம்பித்த தேதி 1983 ஆகஸ்ட் 21. அமெரிக்காவில் இருந்து திரும்பிய எதிர்க்கட்சித் தலைவர் பெனிக்னோ அக்கினோ (நினோய் என்றுதான் நாடு அவரை அழைத்தது) மணிலா விமான நிலையத்தில், ராணுவக் காவலில் விமானத்தில் இருந்து இறக்கப்படும்போதே சுடப்பட்டு இறந்தார். இறுதி ஊர்வலத்துக்கு வந்த கூட்டம் லட்சக்கணக்கில். அதைவிட முக்கியம், அதுவரை அரசியலே வேண்டாம் என்றிருந்த அலுவலக நடுத்தர வர்க்கம் தெருவுக்கு வந்தது. மக்காத்தி வணிகப் பகுதியின் மாடிக் கட்டடங்களில் இருந்து டெலிபோன் டைரக்டரியின் மஞ்சள் பக்கங்களைக் கிழித்துத் தூவினார்கள். அதே ஆண்டு அக்டோபரில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பித்தர அவகாசம் கேட்கும் நிலைக்கு அரசு வந்தது. 1984, 1985 இரண்டு ஆண்டும் நாட்டின் உற்பத்தி ஏழு சதவீதத்துக்கு மேல் சுருங்கியது. ஆட்சியைப் பொறுத்துக்கொள்ள முதலாளிக்கு இருந்த காரணமும் அத்தோடு போயிற்று.

எனவே நான்கு நாள் என்பது கடைசி அத்தியாயம் மட்டும். நடுவில் இரண்டரை வருஷம் இருக்கிறது.

கே: தேர்தல் வைக்க வேண்டிய கட்டாயம் இல்லாதபோது சர்வாதிகாரி ஏன் தேர்தலை அறிவித்தார்?

ப: கெட்டிக்காரத்தனம் மிஞ்சிப் போனதால். அவரது பதவிக்காலம் 1987 வரை இருந்தது. 1985 நவம்பர் 3-ஆம் தேதி, அமெரிக்கத் தொலைக்காட்சிப் பேட்டி ஒன்றில் செல்வாக்கைப் பற்றிக் கேட்டபோது, ‘முன்கூட்டியே தேர்தல் வைக்கத் தயார்’ என்றார். தன் மக்களிடம் சொல்வதற்கு முன்பே அமெரிக்க நேயர்களிடம் சொன்னார்! எதிர்க்கட்சிகள் சிதறிக் கிடக்கின்றன, சேர்வதற்குள் ஜெயித்துவிடலாம் என்பது கணக்கு.

கணக்கு தப்பியது. போட்டியிட வேண்டும் என்று பத்து லட்சம் கையெழுத்து திரட்டிய பிறகு நினோயின் மனைவி கொரசோன் ஒப்புக்கொண்டார். அதிபர் வேட்பாளராக நிற்கத் தயாராக இருந்த சால்வடோர் லாரெல் கடைசி நேரத்தில் துணை அதிபர் இடத்துக்கு இறங்கி வந்தார். அதற்கு அவர் போட்ட நிபந்தனை: கொரசோன் தன்னுடைய யூனிடோ கட்சியின் பெயரில் நிற்க வேண்டும். வெறும் கௌரவப் பிரச்சினை என்று பலர் எழுதுகிறார்கள். அப்படியில்லை. பிரதான எதிர்க்கட்சி என்ற அங்கீகாரம் இருந்தால்தான் வாக்குச்சாவடிக்குள் ஆள் உட்காரும் உரிமை கிடைக்கும். தேர்தலில் அதற்கு இருக்கும் மதிப்பைக் களத்தில் வேலை செய்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

கே: மோசடியை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? சந்தேகம் வேறு, நிரூபணம் வேறு அல்லவா?

ப: இந்தக் கதையில் எல்லோரும் டாங்கிகளைப் பார்க்கிறார்கள், எங்களைக் கேட்டால் கார்பன் தாளைப் பார்க்கச் சொல்வோம்.

பிலிப்பைன்ஸில் வாக்குச்சாவடியை நடத்துவது அரசுப் பள்ளி ஆசிரியர்கள். அந்தக் காலத்தில் வாக்குப்பதிவு முடிந்ததும் அதே அறையில் ஒவ்வொரு சீட்டாகப் பிரித்து உரக்க வாசித்து எண்ணி, முடிவுத்தாளைக் கார்பன் வைத்துப் பல பிரதிகளாக எழுதிக் கையெழுத்திடுவார்கள். ஒரு பிரதி தேர்தல் ஆணையத்துக்கு, மற்றவை கட்சிகள் உள்ளிட்டவர்களுக்கு. 1983-ல் உருவான நாம்ஃப்ரெல் என்ற குடிமக்கள் அமைப்பு, சுமார் ஐந்து லட்சம் தன்னார்வலர்களோடு களத்தில் இருந்தது. கொமெலெக் எனப்படும் தேர்தல் ஆணையம் அதை அங்கீகரித்திருந்ததால் அதற்கும் ஒரு பிரதி உண்டு. அதை வாங்கியதும் மணிலாவின் லா சால் கிரீன்ஹில்ஸ் பள்ளி உடற்பயிற்சிக் கூடத்துக்குச் சேர்ப்பிக்க வேண்டும். அங்கே கூட்டி எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி பலகையில் ஏற்றுவார்கள்.

இதன் பலம் எங்கே? வாக்குத் திருட்டு பெரும்பாலும் நடப்பது சாவடியில் அல்ல; சாவடித் தாள்களை நகராட்சி, மாகாண அளவில் கூட்டும் அறையில்தான். சாவடிப் பிரதி வெளியே வந்துவிட்டால் மேலே எண்ணை மாற்றினாலும் மாட்டிக்கொள்வார்கள். ஆகவே திருடுகிறவர் பிரதி வெளியே வருவதற்கு முன்பே வேலையை முடித்தாக வேண்டும். 1986 பிப்ரவரி 7 அன்று அதுதான் நடந்தது. வாக்காளர் பட்டியலில் லட்சக்கணக்கான பெயர்களைக் காணோம். சில மாகாணங்களில் தன்னார்வலர்களை அடித்து விரட்டினார்கள். பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அவற்றைக் காப்பாற்றத் தன்னார்வலர்களும் கன்னியாஸ்திரிகளும் கைகோத்துச் சங்கிலியாக நின்றார்கள்.

‘லான்சடேரா’ என்று ஒரு பழைய உத்தியும் உண்டு. தறியில் ஓடும் நாடாவுக்குத்தான் அந்தப் பெயர். முதல் ஆள் உள்ளே போய் வெற்றுச் சீட்டைப் பெட்டியில் போடாமல் வெளியே கொண்டுவருவான். வெளியே உள்ள ஏஜெண்ட் அதில் பெயரை எழுதி இரண்டாவது ஆளிடம் கொடுப்பார். அவன் எழுதிய சீட்டைப் போட்டுவிட்டுத் தனக்குக் கிடைத்த வெற்றுச் சீட்டை வெளியே கொண்டுவர வேண்டும், அப்போதுதான் காசு. ஒரே ஒரு சீட்டு திருடினால் போதும், நாள் முழுக்க நாடா ஓடும்.

நாம்ஃப்ரெல் செய்த இந்த இணையான எண்ணிக்கையால் லான்சடேராவைப் பிடிக்க முடியாது, பட்டியலில் இருந்து நீக்கப்பட்டவரின் ஓட்டையும் திருப்பித்தர முடியாது. அது பிடிப்பது கூட்டல் மோசடியை மட்டும். நாம்ஃப்ரெல்லின் கணக்கும் முழுமையானதல்ல. தாள் கிடைக்காத சாவடிகள் ஏராளம். ஆனாலும் கிடைத்த தாள்களில் கொரசோன் தெளிவாக முன்னணியில் இருந்தார். அரசின் பலகையோ மார்கோஸ் முன்னணி என்றது. ஒரே தேர்தலுக்கு இரண்டு பலகைகள்! அரசு சொல்லும் எண்ணை நம்ப வேண்டிய கட்டாயம் அத்தோடு முடிந்தது. பிப்ரவரி 15 இரவு நாடாளுமன்றம் 1,08,07,197-க்கு 92,91,761 என்று மார்கோஸின் வெற்றியை அறிவித்தபோது, கடைசி இலக்கம் வரை சொன்ன அந்த எண்ணை மதிக்க ஆள் குறைவு.

கே: கணினி ஊழியர்கள் வெளிநடப்பு செய்தார்களாமே?

ப: பிப்ரவரி 9 இரவு. கொமெலெக்கின் எண்ணிக்கை மையத்தில் கணினியில் எண்களை ஏற்றிக்கொண்டிருந்த முப்பதுக்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் இளம் பெண்கள், தாங்கள் ஏற்றிய எண்ணும் முன்னால் பலகையில் வரும் எண்ணும் வேறாக இருப்பதைப் பார்த்தார்கள். எழுந்து வெளியே நடந்தார்கள். பக்லாரன் தேவாலயத்தில் அடைக்கலம் கொடுத்தார்கள். வெளிநாட்டு நிருபர்கள் அங்கே கூடிவிட்டார்கள். வெளியே வந்த ஊழியர்கள் யாரும் கோஷம் போடவில்லை, எந்தக் கட்சிக்கும் பேசவில்லை. ‘எண்கள் பொருந்தவில்லை’ என்றார்கள், அவ்வளவுதான். நாற்காலி காலியானால் வேலை நிற்கும் என்பதை முதலில் காட்டியவர்கள் இவர்கள்.

கே: பீர் குடிப்பதை நிறுத்தினால் ஆட்சி கவிழுமா?

ப: சிரித்துக்கொண்டே கேட்டிருக்கிறீர்கள், சீரியஸான கேள்விதான். பிப்ரவரி 16 ஞாயிறு, மணிலாவின் லுனேத்தா மைதானத்தில் கொரசோன் ஒத்துழையாமையை அறிவித்தார். மார்கோஸின் நெருங்கிய வட்டாரத்தோடு தொடர்புடைய வங்கிகளில் இருந்து பணத்தை எடுங்கள், அவர்களுடைய பத்திரிகைகளை வாங்காதீர்கள், சான் மிகுவேல் பீரும் குளிர்பானமும் வேண்டாம், மின்கட்டணமும் தண்ணீர்க் கட்டணமும் தாமதமாகக் கட்டுங்கள் என்றார். மார்கோஸ் பதவியேற்புக்கு மறுநாள், 26-ஆம் தேதி, பொது வேலைநிறுத்தம் என்றும் சொன்னார்.

பட்டியலை எப்படித் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். வயதானவரோ குழந்தை பெற்றவரோ தெருவுக்கு வராமலே செய்யக்கூடியவை. யார் செய்தார்கள் என்று போலீஸ் கண்டுபிடிக்க முடியாதவை. பீர் வாங்காதவனை எந்தச் சட்டத்தில் கைது செய்வது? கட்டணத்தைக் கட்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை, தாமதப்படுத்துங்கள் என்றார்கள்; இணைப்பைத் துண்டிக்கும் அளவுக்குப் போனால் சாமானியர் பயந்துவிடுவார். எல்லாவற்றையும் புறக்கணியுங்கள் என்று ஐம்பது பெயர் அடுக்கியிருந்தால் ஒன்றும் நடந்திருக்காது. சில நாட்களிலேயே அந்த வங்கிகளின் வாசலில் பணம் எடுக்க வரிசை நின்றது. சான் மிகுவேல் பங்கின் விலை சரிந்தது. ஆறே நாளில் ராணுவப் பிளவு வந்து எல்லோர் கவனமும் அங்கே போய்விட்டது. இது தனியாக எவ்வளவு தூரம் போயிருக்கும் என்பதை யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது.

கே: உண்மையைச் சொல்லுங்கள். இது தோற்றுப்போன ராணுவப் புரட்சிதானே? மக்கள் பிறகு வந்து சேர்ந்தவர்கள்தானே?

ப: முதல் பாதி சரி. பாதுகாப்பு அமைச்சர் ஹுவான் போன்சே என்ரீலேயைச் சுற்றி ‘ராம்’ என்ற இளம் அதிகாரிகள் குழு இருந்தது. அதிபர் மாளிகையான மலக்கன்யாங்கைத் தாக்கி மார்கோஸைப் பிடிப்பது அவர்கள் திட்டம். தளபதி ஃபேபியன் வெர் மோப்பம் பிடித்துவிட்டார். 22-ஆம் தேதி கைது நெருங்குகிறது என்று தெரிந்து என்ரீலே கேம்ப் அகினால்டோவுக்குள் புகுந்தார், துணைத் தளபதி ஃபிடெல் ராமோஸைச் சேர்த்துக்கொண்டார். மாலையில் இருவரும் பத்திரிகையாளர் முன் ஆட்சியோடு உறவை முறித்தார்கள். தன் சொந்தப் பகுதியான காகயானில் மட்டும் மார்கோஸுக்கு மூன்றரை லட்சம் கள்ள ஓட்டு சேர்க்கப்பட்டதாக என்ரீலே அங்கேயே ஒப்புக்கொண்டார். ராணுவச் சட்டத்தை நடத்தியவர்களில் ஒருவர் இவர். புனிதர் பட்டம் கட்ட வேண்டாம்.

அன்றிரவு அவர்களிடம் இருந்தது சில நூறு சிப்பாய்கள். விடிவதற்குள் நசுக்கியிருக்கலாம். நினோயின் தம்பி அகாபிதோ ‘பட்ஸ்’ அக்கினோ வானொலியில் குபாவோவில் ஒரு கடை வாசலில் கூடச் சொன்னார். முதலில் வந்தது விரல்விட்டு எண்ணும் ஆட்கள். நள்ளிரவில் பெரும் ஊர்வலமாகி முகாம்களை நோக்கி நடந்தது. இரவு ஒன்பது மணி வாக்கில் மணிலா பேராயர் கர்தினால் ஹைமே சின், ரேடியோ வெரிடாஸில் ‘முகாமில் இருக்கும் நம் நண்பர்களுக்கு ஆதரவு கொடுங்கள், உணவு கொண்டுபோங்கள்’ என்று கேட்டுக்கொண்டார்.

யோசித்துப் பாருங்கள். துப்பாக்கி உள்ளவனைத் துப்பாக்கி இல்லாதவன் காவல் காத்தான். ஆனால் புரட்சியின் தன்மையை மாற்றியது அந்தக் காவல்தான். கூட்டம் இல்லாமல் ராம் குழு ஜெயித்திருந்தால் நாட்டுக்குக் கிடைத்திருப்பது ஒரு ராணுவக் குழுவின் ஆட்சி.

கே: டாங்கியை வெறும் கையால் எப்படி நிறுத்துவது? படங்களில் பூவும் ஜெபமாலையும் தெரிகின்றன. அது மட்டும் போதுமா?

ப: போதாது. படத்தில் தெரியாததைச் சொல்கிறோம்.

ஞாயிறு 23 பிற்பகல், ஜெனரல் தாடியாரின் கடற்படைக் காலாட்படை கவச வண்டிகளோடு தெற்கில் இருந்து வந்தது. ஓர்டிகாஸ் சந்திப்பில் நின்றது. நிறுத்தியவை மூன்று அடுக்குகள். முதலில் பஸ்கள், மணல் மூட்டைகள், வெட்டிப்போட்ட மரங்கள், சாய்த்த விளக்குக் கம்பங்கள். இவற்றால் கவச வண்டியைத் தடுக்க முடியாது, வேகத்தைத்தான் குறைக்க முடியும். வேகம் குறைந்தால்தான் அடுத்த அடுக்குக்கு வேலை: உட்கார்ந்திருக்கும் மனிதர்கள். ஓடும் வண்டி முன்னால் பாய்வது தற்கொலை. நின்ற வண்டி முன்னால் உட்கார்வது முற்றுகை. வண்டிகள் பக்கத்துக் காலி மனையின் சுவரை இடித்துக்கொண்டு சுற்றிப்போகப் பார்த்தன. கூட்டம் அங்கேயும் போய்ப் பின்னாலும் பக்கவாட்டிலும் நிரம்பிக்கொண்டது. முன்னே போனால் ஆள் சாவான், பின்னே போனாலும் சாவான் என்ற நிலை வந்தபின் ஓட்டுநருக்கு எஞ்சினை அணைப்பதைத் தவிர வழியில்லை.

மூன்றாவது அடுக்கு, வரிசையில் முன்னால் இருந்தவர்கள் யார் என்பது. கன்னியாஸ்திரிகள், குருமாணவர்கள், பாட்டிமார். முழந்தாளிட்டு ஜெபமாலை சொன்னார்கள். சிப்பாய்க்கு ரொட்டி, சிகரெட், பூ கொடுத்தார்கள், ‘உன் அம்மா எங்கேயப்பா இருக்காங்க’ என்று விசாரித்தார்கள். இருபது வயதுப் பையன், கத்தோலிக்கன். கல்லெறிகிற இளைஞனைச் சுடப் பயிற்சி கொடுத்திருப்பார்கள். தண்ணீர் நீட்டும் கிழவியைச் சுட யாரும் பயிற்சி கொடுக்கவில்லை. அங்கே ஒரு கல் பறந்திருந்தால் அந்தப் பையனுக்குக் காரணம் கிடைத்திருக்கும். இது தற்செயலாக வந்ததல்ல. ஐரோப்பாவைச் சேர்ந்த அகிம்சைப் பயிற்சியாளர்களான கோஸ்-மாயர் தம்பதி 1984-ல் வந்து அகிம்சைப் பயிலரங்குகள் நடத்தினார்கள். அதில் இருந்து ‘அக்காப்கா’ என்ற அமைப்பு கிளம்பி மாகாணம் மாகாணமாக வகுப்பு எடுத்தது. எட்சாவுக்கு வந்தவர்களில் பயிற்சி பெற்றவர்கள் சொற்பம்தான். ஆனால் நூறு பேரில் நான்கு பேருக்கு என்ன செய்வதென்று தெரிந்திருந்தால் மற்றவர்கள் பார்த்துச் செய்வார்கள்.

கே: ஒன்றுமே தவறவில்லையா?

ப: நிறையத் தவறின. கூட்டத்தின் பலவீனம் விடியற்காலை. நள்ளிரவுவரை கடல் போல இருப்பது நான்கு மணிக்குக் குளம் ஆகிவிடும். அரசுக்கு அது தெரியும். திங்கள் 24 விடியலில் கண்ணீர்ப்புகையும் தடியும் கொண்டு சாந்தோலான் பக்கம் கூட்டத்தைக் கலைத்தார்கள். கடற்படைக் காலாட்படை கேம்ப் அகினால்டோவின் பின்பக்கமாக உள்ளே நுழைந்தது. அப்போது கிளர்ச்சியாளர்கள் எல்லோரும் கிராமேயில் ஒதுங்கியிருந்தார்கள் என்பது நல்லதாகப் போயிற்று. முன்வாசல்களை மட்டும் காத்துவிட்டுப் பின்வாசலை விட்ட தவறு அது.

இன்னொன்று, வதந்தி. அன்று காலையே ‘மார்கோஸ் போய்விட்டார்’ என்று வானொலி அறிவித்தது. தெருவெல்லாம் ஆட்டம்பாட்டம், பலர் வீட்டுக்குக் கிளம்பினார்கள். கொஞ்ச நேரத்தில் மார்கோஸ் குடும்பத்தோடு தொலைக்காட்சியில் தோன்றினார்!

கே: வானொலியை அரசு ஏன் விட்டுவைத்தது?

ப: விட்டுவைக்கவில்லை. ரேடியோ வெரிடாஸ் திருச்சபையின் நிலையம். மணிலாவுக்கு வடக்கே மலோலோஸில் இருந்த அதன் பெரிய ஒலிபரப்புக் கருவியை ஞாயிறு விடியலில் ஆயுதம் தாங்கியவர்கள் உடைத்தார்கள். பலம் குறைந்த மாற்றுக் கருவியில் மாலைவரை ஓட்டினார்கள், பிறகு அதுவும் போயிற்று. நள்ளிரவுக்குப் பின் அறிவிப்பாளர் ஜூன் கீத்லி வேறொரு நிலையத்தில் உட்கார்ந்து, இடத்தைச் சொல்லாமல் ‘ரேடியோ பாண்டிடோ’ என்ற பெயரில் பேச ஆரம்பித்தார். செல்பேசி இல்லாத காலம். எந்தத் தெருவில் வண்டி வருகிறது என்று மக்கள் டெலிபோனில் சொல்வார்கள், அவர் ஒலிபரப்புவார், டிரான்சிஸ்டரை காதில் வைத்திருந்த கூட்டம் அந்த வாசலுக்கு நகரும். சரிபார்க்காமல் ஒலிபரப்பினால் என்ன ஆகும் என்பதை முந்தைய பதிலில் பார்த்தீர்கள்.

கே: மார்கோஸ் ‘சுடாதே’ என்று தொலைக்காட்சியில் சொன்னது உண்மையா? அப்படியானால் அவர் அவ்வளவு கெட்டவரா?

ப: சொன்னார். திங்கள் காலை நேரலையில் தளபதி வெர் தாக்க அனுமதி கேட்டார். ‘தாக்கக் கூடாது என்பதே என் உத்தரவு’ என்றார் மார்கோஸ். உலகம் பார்த்துக்கொண்டிருந்தது. அதே காலையில், கேம்ப் அகினால்டோவின் கோல்ஃப் மைதானத்தில் பீரங்கிகளோடு நின்ற கர்னல் பிராவ்லியோ பல்பாஸுக்கு, எதிரே உள்ள கிராமேயைச் சுடச் சொல்லி மேலிடத்தில் இருந்து உத்தரவு வந்தது. பல்பாஸ் மறுக்கவில்லை. ‘பீரங்கிகளைச் சரிசெய்துகொண்டிருக்கிறோம்’ என்றார். மறுபடி கேட்டபோது வரைபடம் தேடிக்கொண்டிருப்பதாகச் சொன்னார். சாலையின் அந்தப் பக்கம் கண்ணுக்கெதிரே தெரிகிற இலக்குக்கு வரைபடம்! பிற்பகலில் அந்தப் படை திரும்பிப் போயிற்று.

ராணுவத்தில் ‘முடியாது’ என்பவன் கலகக்காரன், அவனைச் சுடலாம். ‘இதோ ஆகிறது’ என்பவனை என்ன செய்வது? அதே காலையில் கர்னல் அந்தோனியோ சொத்தெலோவின் ஹெலிகாப்டர் படை கிராமேயைத் தாக்க வருவதுபோல வந்து முகாமுக்குள்ளேயே இறங்கிக் கட்சி மாறியது. அதன்பின் மார்கோஸின் எந்த உத்தரவும் சொன்னபடி நடக்கவில்லை.

அவர் கெட்டவரா என்று கேட்டீர்கள். அவர் ஆட்சியில் சுமார் 70,000 பேர் சிறை, 34,000 பேர் சித்திரவதை, 3,200-க்கு மேல் கொலை என்பது பரவலாக ஏற்கப்படும் கணக்கு.

கே: அமெரிக்கா கைவிட்டதால்தான் விழுந்தார் என்கிறேன் நான்.

ப: கைவிட்டது கடைசியாக. பிப்ரவரி 11-ல்கூட அதிபர் ரீகன் ‘மோசடி இரு தரப்பிலும் இருந்திருக்கலாம்’ என்ற தொனியில்தான் பேசினார். அமெரிக்காவின் கிளார்க் விமானத் தளமும் சுபிக் கடற்படைத் தளமும் பிலிப்பைன்ஸில் இருந்தன, கவலை அது. 19-ஆம் தேதி அமெரிக்க செனட் 85-க்கு 9 என்ற வாக்கில் தேர்தலை மோசடி என்றது. தெருவில் கூட்டம் நின்றபின், 25 அதிகாலையில், செனட்டர் பால் லக்சால்ட் தொலைபேசியில் மார்கோஸிடம் சுத்தமாக அறுத்துக்கொண்டு போய்விடுங்கள் என்றார். எரிந்துவிட்ட வீட்டில் இருந்து சாமானை எடுத்துப்போக வண்டி அனுப்பினார்கள் என்று சொல்லலாம். வீட்டை எரித்தது அவர்கள் அல்ல.

கே: ஒரே நாளில் இரண்டு அதிபர்கள் பதவியேற்றார்களாமே?

ப: செவ்வாய் 25. காலையில் கிரீன்ஹில்ஸ் பகுதியின் கிளப் ஃபிலிப்பினோவில் கொரசோன், நீதிபதி கிளாடியோ தீஹாங்கி முன்னிலையில் உறுதியேற்றார். பாதுகாப்புக்காகக் கிராமே முகாமிலேயே வைத்துக்கொள்ளலாம் என்றபோது அவர் மறுத்தார். அந்த நான்கு நாளின் மிகச் சரியான முடிவு அதுதான் என்பது எங்கள் கருத்து: சிப்பாய் முகாமில் பதவியேற்றவர் சிப்பாய்க்குக் கடன்பட்டவர். நண்பகல் வாக்கில் மலக்கன்யாங்கில் மார்கோஸும் பதவியேற்றார். துணை அதிபராக வேண்டிய டொலென்டினோ வரவில்லை, ஒளிபரப்பு பாதியில் அறுந்தது. இரவு ஒன்பது மணிக்குமேல் அமெரிக்க ஹெலிகாப்டர்களில் குடும்பத்தோடு கிளார்க் தளத்துக்கு, அங்கிருந்து குவாம், பிறகு ஹவாய். 1989 செப்டம்பரில் அங்கேயே இறந்தார்.

கே: மஞ்சள் நிறம் ஏன்?

ப: நினோய் திரும்பிவந்த நாளில் வரவேற்க மரங்களில் மஞ்சள் நாடா கட்டியிருந்தார்கள், சிறையில் இருந்து வருபவனை மஞ்சள் நாடா கட்டி வரவேற்கும் ஓர் அமெரிக்கப் பாட்டில் இருந்து வந்த எண்ணம். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் நீட்டிக் காட்டும் முத்திரை, ‘லாபன்’, அதாவது ‘போராடு’ என்ற சொல்லின் முதலெழுத்து.

கே: இடதுசாரிகள் பங்கு என்ன?

ப: மார்கோஸை மிக நீண்ட காலம் எதிர்த்தவர்களும் அதிகம் செத்தவர்களும் அவர்கள். ஆனால் தேர்தலே நாடகம் என்று சொல்லி அதைப் புறக்கணித்தார்கள். நாடகத்தை மக்கள் நிஜமாக்கியபோது மேடையில் அவர்கள் இல்லை. பிலிப்பைன்ஸ் கம்யூனிஸ்ட் கட்சியே சில மாதங்களில் அது தங்கள் பெரிய அரசியல் தவறு என்று ஒப்புக்கொண்டது.

கே: ஜனநாயகம் திரும்பியதா, ஆள் மட்டும் மாறினாரா?

ப: இரண்டும். முதலில் சட்டம். 1986 மார்ச்சில் இடைக்கால அரசியல் சட்டம். அரசியல் கைதிகள் விடுதலை. 48 பேர் கொண்ட குழு புதிய அரசியல் சட்டத்தை எழுதியது. 1987 பிப்ரவரி 2 வாக்கெடுப்பில் அது பெரும்பான்மையோடு நிறைவேறியது. மார்கோஸ் நுழைந்த ஒவ்வொரு ஓட்டையையும் தேடி அடைத்திருக்கிறார்கள். அதிபருக்கு ஆறாண்டு, ஒரே முறை. ராணுவச் சட்டம் போட்டால் 48 மணி நேரத்துக்குள் நாடாளுமன்றத்துக்கு அறிக்கை தர வேண்டும், 60 நாளுக்கு மேல் தானாக நீடிக்காது, நாடாளுமன்றம் பெரும்பான்மை வாக்கில் ரத்து செய்யலாம். எந்தக் குடிமகனும் உச்ச நீதிமன்றத்தில் கேள்வி கேட்கலாம், 30 நாளில் தீர்ப்பு வர வேண்டும்.

பிறகு ராணுவம். ஒருமுறை கட்சி மாறி ருசி கண்டவர்கள் மறுபடி மறுபடி முயன்றார்கள். 1986 ஜூலையில் டொலென்டினோ மணிலா ஓட்டலில் உட்கார்ந்து தன்னை அதிபர் பொறுப்பாளர் என்று அறிவித்தார். அதில் கலந்துகொண்ட சிப்பாய்களுக்குக் கொடுத்த தண்டனை முப்பது தண்டால்! அந்தத் தாராளத்தின் விலை பின்னால் தெரிந்தது: 1987 ஆகஸ்டிலும் 1989 டிசம்பரிலும் நடந்த ராணுவக் கலகங்களில் உயிர்கள் போயின. எட்சாவின் நாயகர்களில் ஒருவரான ஹொனாசான்தான் 1987-ல் தலைமை தாங்கினார்.

நிலம்தான் பெரிய ஏமாற்றம். 1987 ஜனவரி 22 அன்று நிலச் சீர்திருத்தம் கேட்டு மெண்டியோலா பாலம்வரை வந்த விவசாயிகள் மீது துப்பாக்கிச் சூடு நடந்து பன்னிரண்டு பேருக்குக் குறையாமல் இறந்தார்கள். கொரசோன் ஆட்சிக்கு வந்து ஓராண்டுகூட ஆகவில்லை.

கே: அந்த மார்கோஸின் மகனே 2022-ல் அதிபராகிவிட்டார். அப்புறம் எதற்கு இந்தக் கதை?

ப: 3 கோடியே 10 லட்சத்துக்கும் மேற்பட்ட ஓட்டு, ஏறத்தாழ 59 சதவீதம். துப்பாக்கி முனையில் வரவில்லை, ஓட்டில் வந்தார். எட்சா அவர்களை ஆட்சியில் இருந்து நீக்கியது, அரசியலில் இருந்து நீக்கவில்லை. குடும்பம் 1991-ல் திரும்பியது, சொந்த மாகாணமான இலோகோஸ் நோர்த்தேயில் பதவிகளைப் பிடித்தது. கொள்ளைப் பணத்தை மீட்க 1986 பிப்ரவரியிலேயே ஆணையம் அமைத்தும், சுவிஸ் வங்கிப் பணத்தில் சுமார் 65.8 கோடி டாலர் அரசுக்குச் சேரும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளிக்க 2003 ஆயிற்று. பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு தரும் சட்டம் வந்தது 2013-ல். 11,103 பேருக்குக் கிடைத்தது. அதற்குள் ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது. மார்கோஸ் காலத்தை அது அறிந்தது பாடப் புத்தகத்தின் ஓரிரு பத்தியிலும் செல்பேசியில் வந்த புகழ்ப் படங்களிலும்தான்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மகனுக்கும் ஆறு வருஷம்தான், ஒரே முறைதான். அப்பாவின் மேல் இருந்த கோபத்தில் எழுதிய விதி அது. 2025-ல் பிப்ரவரி 25-ஐ அவரது அரசு வேலை நாளாக அறிவித்தபோது, பல கத்தோலிக்கப் பள்ளிகளும் பல்கலைக்கழகங்களும் தாங்களாகவே வகுப்புகளை ரத்து செய்தன.